சம அகலக் கட்டத்தில் வட்ட எழுத்துகள்: திருவனந்தபுரமும் மலையாளத் தட்டச்சும்

ஒல்லியான எழுத்தும் பருத்த எழுத்தும் வேறுபாடின்றி ஒரே அளவு இடத்தைப் பெறும்படி வரையப்பட்ட எழுத்துருவைச் சம அகல எழுத்துரு என்பர். அச்சுக்கோப்பில் இத்தகைய எழுத்துக்குத் தேவையே இருந்ததில்லை. ஈய எழுத்து ஒவ்வொன்றும் தன் வடிவத்துக்கேற்ற அகலத்தில் வார்க்கப்பட்டது. அச்சுக்கோப்பவர் அவற்றை வரிசையாக அடுக்கி இடைவெளிக் கட்டைகளால் வரியை நிரப்பினார். தேவையை உண்டாக்கியது 1870களில் அமெரிக்காவின் ரெமிங்டன் ஆலையிலிருந்து விற்பனைக்கு வந்த தட்டச்சுப்பொறியே. தாளைத் தாங்கும் உருளை விசையின் ஒவ்வோர் அடிக்கும் ஒரே தொலைவுதான் நகரும் என்பதால், ஆங்கிலத்தின் ஒற்றைக் கோட்டெழுத்தான 'ஐ'க்கு அடியிலும் முடியிலும் கட்டைகள் வைத்து அகலப்படுத்தினர். மூன்று கால் கொண்ட 'எம்'மை நெருக்கி ஒடுக்கினர். இருபத்தாறு எழுத்துகளே உள்ள, பெரும்பாலும் நேர்கோடுகளால் ஆன ஒரு வரிவடிவத்தில் இவ்வளவும் செய்தால் போதுமானதாக இருந்தது. ஏறக்குறைய முழுவதும் வளைவுகளால் ஆனதும், எழுத்தோடு எழுத்து பிணைந்து நூற்றுக்கணக்கான கூட்டுவடிவங்களைப் பெறுவதுமான மலையாளத்தில் அது போதவில்லை. அந்த முரண்பாட்டைத் தீர்க்கும் பொறுப்பு இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் திருவனந்தபுரத்து அரசு அலுவலகங்களின் கைக்கு வந்தபோது, பொறியைத் திருத்துவதை விட்டு எழுத்தைத் திருத்தும் வழி தேர்ந்தெடுக்கப்பட்டது.

அந்தத் தேர்வின் பின்னணியை விளங்கிக்கொள்ளப் பொறியின் இயல்பைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். வழக்கமான தட்டச்சுப்பொறியில் ஏறத்தாழ 46 எழுத்து விசைகள் உண்டு. ஒவ்வொரு விசையோடும் இணைந்த உலோகக் கரத்தின் முனையில் மேலொன்று கீழொன்றாக இரண்டு அச்சுகள் இருப்பதால் மொத்தம் 92 வடிவங்களே கிடைக்கும். இவற்றில் எண்களும் நிறுத்தக்குறிகளும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். ஆங்கிலப் பொறிகளில் அங்குலத்துக்குப் பத்தோ பன்னிரண்டோ எழுத்து என்பது வழக்கமான அளவு. கரம் நாடாவின் மீது அடித்து மையைத் தாளில் பதிப்பதால், தடித்த கோடும் மெல்லிய கோடும் கலந்த எழுத்து சீராகப் பதியாது; ஆகவே கோடு முழுவதும் ஒரே பருமனாக அமைக்கப்பட்டது. துணி நாடாவின் வழியே மை கசிவதால் கூரிய மூலைகள் மழுங்கித் தாளில் உருண்டையாகவே விழுந்தன. தடித்த எழுத்து வேண்டுமானால் அதே இடத்தில் மீண்டும் ஒருமுறை அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. பின்னாளில் எழுத்துரு வடிவமைப்பாளர்கள் விரும்பி வரைந்த தடித்த, உருண்ட, சம அகல எழுத்துகளின் தோற்றம், இவ்வாறு பொறியின் இயலாமைகளிலிருந்து பிறந்ததாகும். 1950களில் ஐபிஎம் நிறுவனத்துக்காக ஹோவர்ட் கெட்லர் வரைந்த கூரியர் எழுத்துரு, அந்த இயலாமைகளை ஓர் அழகியலாகவே மாற்றிவிட்டது.

மலையாள எழுத்தின் வட்டத்தன்மைக்குப் பனையோலையைக் காரணம் காட்டுவது பொதுவான வழக்கம். ஓலையின் நார் நீளவாட்டில் ஓடுவதால், எழுத்தாணியால் நார்ப்போக்கில் நீண்ட கோடு கீறினால் ஓலை பிளந்துவிடும். வளைவாக எழுதினால் அந்த அபாயம் குறைவு. இவ்விளக்கம் ஏற்கத்தக்கதே என்றாலும் முழுமையானதன்று. பிளக்கும் அச்சமில்லாத கல்வெட்டுகளிலும் தென்கேரளத்து வட்டெழுத்து வளைந்தே காணப்படுகிறது. ஓலையில் பழகிய கை கல்லிலும் அதே வழக்கத்தைத் தொடர்ந்தது என்று கொள்வதே பொருத்தம். திருவனந்தபுரத்தைப் பொறுத்தவரை இப்பழக்கத்துக்குச் சான்று ஏராளமாகக் கிடைக்கிறது. பத்மநாபசுவாமி கோயிலின் நிர்வாகப் பதிவுகளான மதிலகம் ஆவணங்கள், சுருணை எனப்படும் ஓலைக்கட்டுகளாக, வட்டெழுத்திலும் அதன் கிளையாகத் தெற்கே வழங்கிய மலையாண்மையிலும் எழுதப்பட்டு, நகரின் ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. 2022இல் கோட்டைப் பகுதியில் திறக்கப்பட்ட ஓலைச்சுவடி அருங்காட்சியகத்தில் இவ்வகை எழுத்தைப் பொதுமக்களும் காணலாம். ஓலையில் எழுத்தின் அகலத்துக்கு வரம்பு எதுவும் இல்லை. எழுதுபவர் விரும்பினால் ஒரு கூட்டெழுத்தை மூன்று எழுத்தின் இடத்துக்கு நீட்டலாம். அடுத்ததை முந்தையதன் கீழே தொங்கவிடலாம்.

அச்சு இந்தச் சுதந்திரத்தை ஓரளவு குறைத்ததேயன்றி ஒழித்துவிடவில்லை. 1772இல் ரோமில் கிளெமென்ட் பியானியுஸ் பாதிரியார் வெளியிட்ட மலையாள நூல்களுக்காக வார்க்கப்பட்ட எழுத்துகள் சதுரச் சாயல் கொண்டவை. வளைவுகள் திடீரென மடங்கிக் கோணங்களாகத் தோற்றம் தந்தன. கோட்டயத்தில் 1821இல் அச்சகம் நிறுவிய சி.எம்.எஸ். என்னும் மறைப்பணிச் சங்கத்தின் பெஞ்சமின் பெய்லி, சென்னையிலிருந்து வந்த எழுத்துகளில் மனநிறைவு கொள்ளாமல், உள்ளூர்க் கைவினைஞர்களின் துணையோடு தாமே அச்சுகளை வெட்டினார். அவர் வார்த்த உருண்டை எழுத்துகளே இன்றுவரை மலையாள அச்சின் அடிப்படைத் தோற்றமாக இருந்துவருகின்றன. 1829இல் அவர் அச்சிட்ட புதிய ஏற்பாட்டைப் புரட்டும் இன்றைய வாசகருக்கு எழுத்துகள் அந்நியமாகத் தெரியா. திருவிதாங்கூரின் அரசு அச்சகம் சுவாதித் திருநாள் ஆட்சிக்காலத்தில் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்டது. அரசாணையும் பஞ்சாங்கமும் பாடநூலும் ஈயத்தில் கோக்கப்பட்ட அந்நாள்களில், மெய்யோடு மெய் சேரும் கூட்டெழுத்துகளையும் உகர ஊகாரங்கள் ஒட்டிய வடிவங்களையும் சேர்த்து எண்ணினால் அச்சுக்கோப்பவரின் முன் ஆயிரத்தை எட்டும் வெவ்வேறு வடிவங்கள் இருந்தன. அவர் பணி கடினமானது; ஆனால் செய்யக்கூடியதாக இருந்தது. எழுத்துப் பெட்டியில் இன்னும் பத்துக் கட்டங்களைச் சேர்க்கலாம், தட்டச்சுப்பொறியில் இன்னொரு கரத்தைச் சேர்க்க முடியாது என்பதே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு.

இந்த வேறுபாடு நெடுங்காலம் எவரையும் உறுத்தவில்லை. ஏனெனில் அலுவலகம் ஆங்கிலத்தில் இயங்கியது. 1869இல் தி. மாதவராவ் திவானாக இருந்தபோது திறக்கப்பட்ட தலைமைச் செயலகக் கட்டிடத்தில் பின்னர் நுழைந்த தட்டச்சுப்பொறிகள் ஆங்கிலக் கோப்புகளையே தயாரித்தன. 1956 நவம்பர் 1 அன்று கேரள மாநிலம் உருவாகி, தமிழ் பேசும் தெற்குத் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபின், திருவனந்தபுரம் முதன்முறையாக ஒரே மொழியை அடிப்படையாகக் கொண்ட ஆட்சியின் தலைநகரமாயிற்று. ஆட்சி மக்களின் மொழியில் நடக்க வேண்டுமென்ற கோரிக்கை வலுத்து, 1969இல் கேரள ஆட்சிமொழிச் சட்டம் நிறைவேறியது. அச்சட்டம் மாநிலத்தில் வாழும் தமிழருக்கும் கன்னடருக்கும் அரசோடு தங்கள் மொழியிலேயே மடல் எழுதும் உரிமையை அளித்தது என்பது தமிழ் வாசகர் அறிந்துகொள்ளத்தக்க செய்தி. சட்டம் வந்தால் மட்டும் போதுமா? நாள்தோறும் ஆயிரக்கணக்கான மடல்களை மும்மடங்கு நகலோடு தயாரிக்கும் அலுவலகம், கையெழுத்துக்குத் திரும்பிச் செல்ல இயலாது. மலையாளத்தில் வேகமாக அடிக்கும் பொறி வேண்டும். அப்பொறியின் 92 வடிவங்களுக்குள் மலையாளம் அடங்கவும் வேண்டும்.

இதற்கான முயற்சி சட்டத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1967இல் அரசு ஒரு குழுவை அமைத்து, கேரளப் பல்கலைக்கழகத்தின் மலையாளப் பேரகராதியின் ஆசிரியரான சூரநாட்டு குஞ்ஞன் பிள்ளையை அதன் தலைவராக்கியது. மொழியின் ஒவ்வொரு சொல்லையும் பழைய வடிவத்தோடு பதிவுசெய்யும் பணியில் இருந்த ஒருவரிடமே எழுத்தைக் குறைக்கும் பணியும் ஒப்படைக்கப்பட்டது வியப்புக்குரியதுதான். அக்குழுவின் பரிந்துரைகளை 1969இல் அமைந்த மற்றொரு குழு திருத்தியது. 1971 ஜனவரியில் முன்னணி நாளேடுகள் திட்டத்தை ஏற்றுக்கொண்டன. 1971 மார்ச் 23 அன்று அரசாணை பிறந்து, விஷுப் புத்தாண்டான ஏப்ரல் 15 முதல் புதிய லிபி நடைமுறைக்கு வந்தது. அச்சுக்கு வேண்டிய ஏறத்தாழ ஆயிரம் வடிவங்கள் இதன்மூலம் ஏறத்தாழ 250 ஆகச் சுருங்கின.

சுருக்கிய முறைதான் இங்கே கூர்ந்து நோக்கத்தக்கது. ஏனெனில் ஒவ்வொரு மாற்றத்திலும் சம அகலப் பொறியின் தருக்கம் தெளிவாகத் தெரிகிறது. பழைய லிபியில் உகரக் குறி ஒரே வடிவமுடையதன்று. ககரத்துக்கு ஒரு வளைவு, தகரத்துக்கு இன்னொன்று, நகரத்துக்கு வேறொன்று, மற்றவற்றின் அடியில் தொங்கும் ஒரு சிறு கொக்கி என மூன்று நான்கு விதமாக அது மெய்யோடு கலந்துவிடும். புதிய லிபியோ உகரம், ஊகாரம், ருகாரம் ஆகியவற்றின் குறிகளை மெய்யிலிருந்து பிரித்து, வலப்பக்கத்தில் தனித்து நிற்கும் ஒரே குறியாக ஆக்கியது. குறிக்கு ஒரு விசை, ஒரு நகர்வு. மெய்க்கு ஒரு விசை, ஒரு நகர்வு. மெய்யெழுத்தைக் கீழிருந்து சுற்றி வளைத்து இடப்பக்கம் ஏறும் ரகரக் குறி, எழுத்தின் அகலத்தையே மாற்றிவிடுவதால் பொறிக்குப் பெருந்தொல்லையாக இருந்தது. அதுவும் எழுத்துக்கு முன் நிற்கும் தனிக் குறியாயிற்று. மேலே புள்ளியாக நின்ற ரகரத்தின் இடத்தைச் சில்லெழுத்து, அதாவது உயிரொலி இல்லாத மெய்யைக் குறிக்கும் தனி வடிவம், பிடித்துக்கொண்டது. பெரும்பாலான கூட்டெழுத்துகள் பிரிக்கப்பட்டு, தமிழின் புள்ளியைப் போலவே மெய்யொலியைக் குறிக்கும் சந்திரக்கலையை இடையில் வைத்து அடுத்தடுத்து எழுதப்பட்டன. மேலும் கீழுமாக அடுக்கி எழுதிய எழுத்து, ஒரே தளத்தில் இடமிருந்து வலமாக ஓடும் வரிசையாயிற்று.

இவ்வாறு பிரித்த பிறகும் சம அகலம் முழுத் தீர்வாகவில்லை. மலையாளத்தின் ரகரம் ஒற்றை வளைவு. டகரத்தின் மூச்சொலி வடிவம் வெறும் ஒரு வட்டம். மாறாக ஞகரமும் ணகரமும் பல வளைவுகளை அடுக்கி நீள்பவை. இவ்விரு வகையையும் ஒரே கட்டத்தில் நிறுத்தினால் முதலாவது தன்னைச் சுற்றி வெற்றிடத்தோடு தனித்து நிற்கும்; இரண்டாவதன் வளைவுகள் ஒன்றையொன்று நெருக்கும். வளைவுக்குள் இருக்கும் வெள்ளைப்பகுதியை எழுத்துக்கலையில் உள்வெளி என்பர். எழுத்தை அடையாளம் காட்டுவதில் கோட்டுக்கு உள்ள பங்கு இந்த உள்வெளிக்கும் உண்டு. புதிய நாடாவில் மை மிகுதியாக இருக்கும்போதும், தலைப்புக்காக ஒரே எழுத்தை இருமுறை அடிக்கும்போதும் முதலில் அடைபடுவது அதுவே. ஆங்கிலத்தில் தடித்த எழுத்தின் விலை அழகு மட்டுமே. மலையாளத்தில் அது சில இடங்களில் வாசிப்பின் தெளிவையே விலையாகக் கேட்டது.

இதே பொறி தமிழுக்கு வந்தபோது நேர்ந்ததை இங்கு ஒப்பிடுவது பயன் தரும். யாழ்ப்பாணத்தில் பிறந்து கடல் கடந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற ஆர். முத்தையா இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழ்த் தட்டச்சுப்பொறியை வகுத்தமைத்தபோது, கூட்டெழுத்து அருகிய தமிழின் புள்ளிமுறை அவருக்குப் பெருந்துணையாயிற்று. அழுத்தினாலும் உருளையை நகர்த்தாத விசைகள் சில உண்டு. தமிழ்ப் பொறியில் புள்ளி அத்தகைய ஒன்றாதலால், தட்டச்சர் முதலில் புள்ளியை அடித்து, அதன்கீழ் மெய்யை அடிப்பார். எழுதும் வரிசைக்கு நேர்மாறான இப்பழக்கத்தைப் பல தலைமுறைத் தட்டச்சர்கள் கேள்வியின்றிக் கற்றுக்கொண்டனர். உகர ஊகார வடிவங்களின் ஒழுங்கின்மையில் தமிழ் மலையாளத்துக்குக் குறைந்ததன்று. எனினும் தமிழகத்தின் 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்த ஆணை ஆகார ஐகார வரிசைகளில் விலகி நின்ற சில வடிவங்களை மட்டுமே சீராக்கியது. உகரத்தையும் பிரித்துவிடலாம் என்று வா.செ. குழந்தைசாமி போன்றோர் பின்னர் முன்வைத்த கருத்து ஏற்கப்படவில்லை. கேரளம் ஒரே ஆணையில் செய்ததைத் தமிழகம் செய்யத் துணியவில்லை, செய்ய வேண்டிய கட்டாயமும் இல்லை என்பதே சரியான கணிப்பு. ஏனெனில் தமிழுக்கு 92 வடிவங்கள் ஏறத்தாழப் போதும், மலையாளத்துக்குப் போதா.

புதிய லிபி தட்டச்சில் வெற்றி பெற்றது. மலையாளத் தட்டச்சு அரசின் தொழில்நுட்பத் தேர்வுகளில் ஆங்கிலத்துக்கு இணையான பாடமாகி, கீழ்நிலை, மேல்நிலைச் சான்றிதழ்கள் அரசுப் பணிக்கான தகுதிகளாயின. தட்டச்சுப் பயிலகங்களில் இரு மொழிப் பொறிகளும் அருகருகே இயங்கின. ஆனால் பொறிக்காகச் செய்த திருத்தம் பொறியோடு நின்றுவிடவில்லை. பாடநூலுக்குள் அது நுழைந்ததும், பிள்ளைகள் பள்ளியில் பிரித்தெழுதவும் வீட்டில் பெற்றோரின் கையெழுத்தில் சேர்த்தெழுதியதைப் படிக்கவும் நேர்ந்தது. அச்சகங்கள் சில கூட்டெழுத்துகளைக் கைவிட்டுச் சிலவற்றைத் தம் விருப்பப்படி வைத்துக்கொண்டன. கையால் எழுதுவோர் பெரும்பாலும் பழைய வழியிலேயே தொடர்ந்தனர். ஒழுங்கைத் தேடிப் புறப்பட்ட ஆணை பல ஒழுங்குகளை ஒருசேர உலவவிட்டது என்று சீர்திருத்தத்தை எதிர்த்தவர்கள் சொன்னதில் உண்மை உண்டு. சம அகலக் கட்டம் ஓர் அலுவலகத்தின் தேவை. அதை ஒரு மொழியின் இலக்கணமாக்கியது மிகை.

மறுப்பு முறையான இயக்கமாக வடிவம் பெற்றதும் திருவனந்தபுரத்தில்தான். 1999இல் ஆர். சித்திரஜகுமார், கே.எச். ஹுசைன் முதலியோர் ரசனா அக்ஷரவேதி என்ற அமைப்பின் வழியே, கணினி வந்துவிட்டபின் தட்டச்சுப்பொறிக்காக வெட்டப்பட்ட எழுத்தைத் தொடர்வதில் பொருளில்லை என்று வாதிட்டு, ஏறத்தாழ 900 வடிவங்கள் கொண்ட ரசனா எழுத்துருவைப் பழைய லிபியின் முழுமையோடு உருவாக்கினர். கணினிக்கு விசைகளின் எண்ணிக்கை தடையன்று. அழுத்தப்படும் விசைகளைக் கொண்டு எந்தக் கூட்டெழுத்து வேண்டுமென மென்பொருளே தேர்ந்தெடுக்கும். 2001இல் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை இதே நகரில் ரிச்சர்ட் ஸ்டால்மனால் தொடங்கிவைக்கப்பட்டது. அந்தக் காற்றில் வளர்ந்த சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் என்ற தன்னார்வலர் குழு, ரசனாவையும் ஹுசைன் வரைந்த மீரா எழுத்துருவையும் யூனிகோடு முறையில் பராமரித்து எவரும் பயன்படுத்தும்படி வழங்கியது. சில்லெழுத்துகளுக்குத் தனிக் குறியீடு வேண்டுமா என்ற நெடிய சச்சரவு 2008இல் யூனிகோடு 5.1 பதிப்பு அவற்றைச் சேர்த்ததும் தொழில்நுட்ப அளவில் முடிந்தது. மனத்தாங்கல் சில ஆண்டுகள் நீடித்தது.

அதன்பின் வந்த எழுத்துருக்களில் உருண்டைத்தன்மை பொறியின் விளைவாக அன்றி வடிவமைப்பாளரின் தேர்வாகத் திரும்பி வந்தது. சந்தோஷ் தோட்டிங்கல் வடிவமைத்து, காவ்யா மனோகர் தொழில்நுட்ப விதிகளை எழுதிய மஞ்சரி 2016இல் வெளிவந்தது. அதில் கோடுகளின் முனைகள் அனைத்தும் உருட்டப்பட்டவை. வளைவுகள் ராஃப் லெவியன் ஆராய்ந்து வகுத்த சுருள்வளைவுக் கணிதத்தின் அடிப்படையில், எங்கும் திடீர் மடிப்பின்றி மெல்ல மெல்லத் திரும்புகின்றன. மெல்லியது, இயல்பு, தடித்தது என மூன்று பருமன்களில் அது கிடைக்கிறது. தடித்த பருமனில்தான் வடிவமைப்பாளரின் திறன் சோதிக்கப்படுகிறது. கோடு பருக்கப் பருக்க உள்வெளி சுருங்குவதால், எழுத்தைச் சற்று அகலப்படுத்தியே ஆக வேண்டும். இந்த அகலப்படுத்தலைத்தான் தட்டச்சுப்பொறி ஒருபோதும் அனுமதிக்கவில்லை. பினோய் டொமினிக் வரைந்து 2019இல் வெளியான காயத்ரி, தலைப்புகளுக்கென அமைந்த எழுத்துரு. திருவனந்தபுரத்தில் உள்ள கேரள பாஷா இன்ஸ்டிடியூட் அதற்கு நிதி அளித்தது. தோட்டிங்கலின் அடுத்த படைப்பான நூபுரம் பருமன், அகலம், சாய்வு, முனைகளின் உருட்சி ஆகிய நான்கையும் படிப்படியாக மாற்றிக்கொள்ளத்தக்க எழுத்துருவாகும். சுவரொட்டிக்குத் தடித்து உருண்ட வடிவம் வேண்டுமானாலும், குறுகிய பத்திக்கு ஒடுங்கிய வடிவம் வேண்டுமானாலும் ஒரே கோப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் சம அகலம் முற்றிலும் விடைபெறவில்லை. நிரல் எழுதுவோரின் திரையும் கட்டளை வரித் திரையும் இன்றும் கட்டம் கட்டமாகவே இயங்குகின்றன. பத்திகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நேர்பட நிற்க வேண்டிய இடங்களில் ஆங்கில எழுத்துக்கு ஒரு கட்டம், சீன எழுத்துக்கு இரண்டு கட்டம் என்று கணக்கு வகுக்கப்பட்டிருக்கிறது. எண்ணற்ற அகலங்கள் கொண்ட மலையாளக் கூட்டெழுத்துக்கு எத்தனை கட்டம் என்பதற்கு அக்கணக்கில் தெளிவான விடை இல்லை. தமிழின் 'ஔ'வும் 'ணொ'வும் அங்கே அதே இடர்ப்பாட்டைச் சந்திக்கின்றன. அதனால் மலையாளத்தில் குறிப்புரை எழுதும் நிரலர், ஆங்கிலத்துக்குச் சம அகல எழுத்துருவையும் மலையாளத்துக்கு மஞ்சரி போன்ற இயல்பகல எழுத்துருவையும் சேர்த்துப் பயன்படுத்துகிறார்; அவ்வரிகளின் வலது ஓரம் நேராக நிற்பதில்லை. பழைய லிபியா புதிய லிபியா என்ற விவாதமும் முடிந்துவிடவில்லை; கேரள அரசு அமைத்த குழு, பழைய வடிவங்கள் சிலவற்றைப் பாடநூல்களில் மீட்கும்படி 2022இல் பரிந்துரைத்தது.